டேப் சுற்றுகிறது, கோப்பு வரவில்லை: ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பழைய ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990-களில் யூனிக்ஸ் கணினி எழுதிய பேக்கப் டேப்பை இன்றைய விண்டோஸ் கணினியிடம் கொடுத்தால், ‘தெரியாத மீடியா’ என்று கைவிரிக்கிறது.

டேப்பில் ஃபோல்டர் என்றெல்லாம் எதுவும் கிடையாது. பைட் கட்டுகள், நடுநடுவே எல்லைக்கல் போலச் சில குறிகள், அவ்வளவுதான். உள்ளே என்ன ஒழுங்கு என்பது எழுதிய நிரலுக்கே வெளிச்சம். யூனிக்ஸின் ‘டார்’ நிரல் வழக்கமாக இருபது 512 பைட் துண்டுகளைச் சேர்த்து 10,240 பைட் கட்டாக எழுதும். படிக்கிற கணினி அதைவிடச் சின்னப் பாத்திரத்தை நீட்டினால் பிழைச் செய்திதான் மிச்சம்.

இன்னொரு கூத்து, பைட் வரிசை. சில கணினிகள் பைட்டுகளை இரண்டிரண்டாக இடம் மாற்றிவிடும். ‘யு-என்-ஐ-எக்ஸ்’ என்று எழுதியது ‘என்-யு-எக்ஸ்-ஐ’ என்று வந்து நிற்கும். ஐபிஎம் மெயின்ஃபிரேம் டேப் என்றால் எழுத்துக் கணக்கே வேறு: நமக்கு 65 ஆக இருக்கும் ‘ஏ’, அங்கே 193.

லினக்ஸின் ‘டிடி’ கட்டளைக்கு அர்த்தம் பற்றிக் கவலையில்லை. உள்ளதை உள்ளபடி டிஸ்கில் இறக்கும். பிறகு ‘டிடி’யிலேயே ‘ஸ்வாப்’ என்ற தேர்வைப் போட்டு பைட் ஜோடிகளைத் திருப்பி, ‘டார்’ கொண்டு பிரிக்கலாம். சோதனையெல்லாம் நகலில்தான். பழவேற்காட்டு ஈரக்காற்றில் கிடந்த டேப்பின் பசை நீர் கோத்துப் பிசுபிசுத்திருக்கலாம். இரண்டாம் முறை ஓடுமா என்பதே சந்தேகம்.