மாவு புளிக்கட்டும், மீன் பிறகு வரட்டும்

எப்படி இயங்குகிறது? வீட்டு மீன் தொட்டி

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை. ஓசூருக்குப் போய் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, நீலக் கற்கள், ஏர் மோட்டார், கூடவே பாலித்தீன் பையில் பத்து கப்பி மீன்கள் என்று வாங்கிவந்து, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீனையும் விட்டுவிடுகிறோம். அடுத்த ஞாயிறுக்குள் பாதி மீன் செத்து மிதக்கிறது. நமக்கு மீன் ராசியில்லை என்று தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம்.

இதில் ராசிக்கு வேலையே இல்லை. மாவை அரைத்த கையோடு இட்லி ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகியிருக்கிறது. தொட்டித் தண்ணீரும் புளிக்க வேண்டும்.

சட்டியில் நடப்பது

அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, இரவு மூடி வைக்கிறோம். உளுந்தோடு ஒட்டிவந்த பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன. அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைப் பொங்க வைக்கிறது. நாம் செய்வதெல்லாம் தீனியும் இடமும் சூடும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான். மிச்ச வேலை கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துடையது.

தொட்டியில் நடப்பது

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரித் தெரியும்போதே அது மீனைக் கொல்லும். இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அடுத்து வரும் இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். செடி அதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு கட்ட வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டு கட்டத்தையும் தனியாகவே முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகை ஒன்று உண்டு என்பது 2015-இல்தான் தெரியவந்தது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி.

அப்படியானால் ஏன் ஓர் இரவு போதவில்லை? மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா நல்ல சூட்டில் ஒரு மணி நேரம் முன்பின்னாக இரட்டிப்பாகும். அம்மோனியாவைத் தின்பது மிகவும் மந்தம். இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாவுக்கு ஓர் இரவு, தொட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம்.

உத்தனப்பள்ளித் தண்ணீர்

ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் இருக்கும் உத்தனப்பள்ளிப் பக்கத்து வீடுகளில் பொதுவாக இரண்டு வகைத் தண்ணீர் புழங்கும். ஒன்று போர்வெல். கருங்கல் பாறைக்குள்ளிருந்து வருவதால் உப்புக் கூடின கடினத் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடும். இன்னொன்று குழாய்க் குடிநீர். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. குடிநீரில் குளோரின் கலந்திருக்கும்.

குளோரினின் வேலையே பாக்டீரியாவைக் கொல்வது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் நாம் வளர்க்க நினைக்கும் கூட்டமும் சாகும், மீனின் செவுளும் வேகும். திறந்த டிரம்மில் பிடித்து, ஏர் மோட்டார் ஓட விட்டு ஒரு நாள் வையுங்கள். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை விடுங்கள். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பிராணவாயு குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கலாம். அதையும் ஓர் இரவு காற்றாட விடுவது நல்லது.

கடினத் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். பாக்டீரியாவுக்கு அதிலுள்ள கார்பனேட் தேவை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அந்தச் சத்து இல்லாமல் தண்ணீர் நாளடைவில் அமிலமாகி, பாக்டீரியா சோர்ந்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட தண்ணீரில் பெரும்பாலும் காரத்தன்மையும் (பிஎச்) கூடுதலாக இருக்கும். அது கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் ஏறும். 25 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது 5 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். ஆகவே கடினத் தண்ணீர்க்காரர்கள் அவசரப்பட்டால் சேதம் கூடுதல்.

கெலவரப்பள்ளி அணை, ஏரி, குட்டைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அணைக்கு வரும் தென்பெண்ணையில் கழிவுநீர் நுரையோடு வருவது இந்தப் பக்கத்தாருக்குப் புதிதல்ல.

சட்டியை வைக்கும் இடம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 57 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 57 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்ட் தாங்காது. சமமான, உறுதியான மேடையில் தெர்மாகோல் ஷீட் போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும். கற்களை வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு கிட்டேயே வரக்கூடாது.

முதல் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். விலை குறைவு, ஏர் மோட்டாரிலேயே ஓடும். ஸ்பாஞ்சின் துளைகளில்தான் பாக்டீரியாக் கூட்டம் குடியேறும்.

புளிக்க விடும் வாரங்கள்

மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சோறு. தண்ணீர்ப் பரிசோதனைக் கிட்டில் வாரம் இரண்டு முறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் மாவு பொங்கிவிட்டது என்று பொருள்.

சீக்கிரம் புளிக்க முந்தின நாள் மாவை ஒரு கரண்டி சேர்ப்போமே, அந்த வழி இங்கேயும் உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். வாரங்கள் நாட்களாகச் சுருங்கலாம். பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து பயனில்லை. பாக்டீரியா ஒட்டியிருப்பது ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான்.

மார்கழியில் இந்தப் பக்கம் மாவு பொங்காமல் அடம்பிடிப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். தொட்டிக்கும் அதே குளிர்தான். குளிர் மாதங்களில் 50 வாட் ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் வைத்தால் பாக்டீரியாவும் வேலை செய்யும், மீனும் சுருண்டு போகாது.

மீன் விடும் நாள்

கடினத் தண்ணீருக்கு ஏற்றவை கப்பி, மோலி, பிளாட்டி. நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம் விடும், பெரிதாகவும் வளரும். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. பாசி தின்னும் என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். முதலில் ஆண் கப்பி நான்கு மட்டும் விடுங்கள். பெண்ணும் சேர்ந்தால் குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிடும். பையை மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். இரண்டு வாரம் அம்மோனியா ஏறாமல் இருந்தால் இன்னும் நான்கு. பாக்டீரியா பெருகியிருப்பது கிடைத்த தீனியின் அளவுக்குத்தான். திடீரென்று இருபது மீனை விட்டால் திணறும்.

உவமை ஒத்துவராத இடம்

மாவுப் பாக்டீரியா மூடிய சட்டிக்குள் காற்றில்லாமலே வாழும். தொட்டிப் பாக்டீரியாவுக்குக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் ஏர் மோட்டாரை நிறுத்தினால் ஸ்பாஞ்சில் உள்ள கூட்டம் மூச்சுத்திணறிச் சாகத் தொடங்கும். விளக்கை அணைக்கலாம், மோட்டாரை நிறுத்தக்கூடாது. மணிக்கணக்கில் மின்தடை வருகிற ஊர்களில் பேட்டரி மோட்டார் ஒன்று வைத்திருப்பது நல்லது.

தொட்டியில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, காற்றாட வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவதுதான் பெரிய கேடு. ஒரு மாத உழைப்பு சாக்கடைக்குப் போகும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து மாட்டினால் போதும். அந்தத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றலாம்.

ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில் இன்னொரு ஆபத்து: காலை வந்தவர் ஒரு முறை, இரவு வந்தவர் ஒரு முறை, நடுவில் பிள்ளைகள் ஒரு முறை தீனி போடுவார்கள். யார் போடுவது என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை போதும்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடையிலோ நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். ஏரியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி நாட்டு மீன்களை நெருக்குவதற்கு, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து இரக்கப்பட்டு விட்ட மீன்களும் ஒரு காரணம்.