அடைக்கலான் குருவியும் தகரக் கூரையும்

வீட்டு வளையில் மண்முட்டி ஒன்றைக் கட்டி அடைக்கலான் குருவிக்கு இடங்கொடுப்பது இலங்கையின் பல பகுதிகளிலும் உள்ள பழைய வழக்கம். சிட்டுக்குருவி என்றும் இதனை அழைக்கிறோம். குருவி குடியிருக்கும் வீடு செழிக்கும் என்பது எமது முதியோரின் நம்பிக்கை. மனிதர் நிலையாகக் குடியிராத இடத்தில் இக்குருவியும் நிலைப்பதில்லை. ஆகவே, இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியமர்ந்த வன்னிக் கிராமங்களில், மாங்குளம் சந்தியைச் சூழவுள்ள ஊர்களில், ஒரு வீட்டில் இது கூடு கட்டினால் நாம் மகிழ்வது இயல்பே.

ஆனால் எமது கூரைகள் மாறிவிட்டன. 2009ஆம் ஆண்டின் பின் மீள்குடியேற்றத்தில் கிடைத்த தற்காலிகக் கொட்டில்களுக்குத் தகரமே கூரையாயிற்று. நிரந்தர வீடு கட்டியபின்பும் அத்தகரம் குசினிக்கோ பத்திக்கோ பயன்படுகிறது. கிடுகின் கீழ் குளிர்ந்திருந்த அதே முட்டி, தகரத்தின் கீழ் அடுப்பாகிவிடுகிறது. முட்டியைக் கட்டிக்கொடுப்பதோடு உதவி முடிவதில்லை. அதை எங்கே, எப்படிக் கட்டுகிறோம் என்பதிலேயே குஞ்சுகளின் உயிர் தங்கியுள்ளது.

குஞ்சுகள் வெப்பத்தால் இறப்பது ஏன்?

அடைக்கலான் குருவி பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். 11 முதல் 14 நாட்களில் குஞ்சு பொரிக்கும். பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரம் குஞ்சுகள் கூட்டிலேயே இருக்கும். பொரித்த குஞ்சுக்கு இறகு இல்லை. முதல் வாரத்தில் தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்திருக்க அதனால் இயலாது. பறவைகளுக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றுகின்றன. அவ்வாறு இளைக்கும்போது உடலிலுள்ள நீர் குறைகிறது. தாய்ப்பறவையால் குஞ்சுகளை வேறிடம் தூக்கிச் செல்ல முடியாது. சூடு தாங்காத குஞ்சுகள் வாயிலுக்கு நெருக்கியடித்து வந்து, பறக்கும் பருவம் வருமுன்னரே கீழே விழுகின்றன.

அமெரிக்காவில் தகைவிலான் குடும்பத்தைச் சேர்ந்த ஊதா மார்ட்டின் என்னும் பறவைக்குச் சுரைக்குடுவைகளைக் கட்டித் தொங்கவிடுவர். இது அந்நாட்டின் பூர்வீகக் குடிகளான சொக்டோ, சிக்கசோ மக்கள் தொடங்கிய வழக்கம். இன்று அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பறவை ஏறக்குறைய முழுவதும் மனிதர் அமைக்கும் கூடுகளையே நம்பி வாழ்கிறது. குடுவைக்கு வெள்ளைப் பூச்சு, காற்றுத் துளை, நீர் வடியும் துளை ஆகியவை அவர்கள் கைக்கொள்ளும் முறைகள். இவை எமது முட்டிக்கும் பொருந்தும.

செய்ய வேண்டியவை

1. இடத்தைச் சோதியுங்கள். பிற்பகல் 2 மணிக்கு ஏணியில் ஏறி, முட்டி கட்டவுள்ள இடத்தில் கையைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்காத சூடு குஞ்சுக்கும் தாங்காது. ஓட்டுத் தாழ்வாரம், கிடுகுப் பத்தி, வேப்பமர நிழல் விழும் சுவர் என்பன நல்ல இடங்கள்.

2. தகரத்தைத் தவிர வேறு இடம் இல்லையெனில், முட்டிக்கு நேர்மேலே தகரத்தின்மீது கிடுகு பரப்புங்கள். முட்டி தகரத்தைத் தொடாமல் ஒரு முழமாவது கீழே தொங்கட்டும்.

3. மினுக்கம் பூசாத மண்முட்டியே சிறந்தது. வெளிப்புறத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். தகர டின், பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம்.

4. வாயில் மேற்கு வெயிலைப் பாராதிருக்கட்டும். ஒன்றேகால் அங்குல வாயில் போதும். பெரிய வாயில் காகத்திற்கும் செண்பகத்திற்கும் வசதியாகிவிடும். மேற்பக்கத்தில் காற்றுக்கும் அடியில் நீர் வடியவும் சிறு துளைகள் இடுங்கள்.

5. அருகில் ஒரு தட்டையான மண்சட்டியில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் குஞ்சு இறந்துவிடும்.

6. விழுந்த குஞ்சு இறகற்றதாயின் மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான எண்ணம்.

7. குஞ்சுகள் பறந்தபின் பழைய கூட்டை அகற்றி, முட்டியை வெயிலில் காயவிடுங்கள். உண்ணிகள் அழியும். கொல்கத்தாவில் இக்குருவிகள் தம் கூட்டில் வேப்பிலை சேர்ப்பதை 1981இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

இக்குருவி நெல்லையும் தின்னும் என்பது உண்மையே. ஆனால் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழு, பூச்சிகளையே. 1958இல் சீனா குருவிகளைக் கொல்லும் இயக்கம் நடத்தியது. பயிர்ப்பூச்சிகள் பெருகவே, 1960இல் குருவியை அப்பட்டியலிலிருந்து நீக்கியது. கூட்டின் அருகே மிளகாய்த் தோட்டத்திற்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது இதனையும் எண்ணிக்கொள்வோம்.

சந்தையில் மிக மலிவாக விலைபோன குருவியைக் காட்டியே ஆண்டவர் இறைவனின் பராமரிப்பைப் போதித்தார். அப்பராமரிப்பில் பங்குகொள்ள எமக்குப் பணம் தேவையில்லை, கவனமே தேவை. மாசியில், வெயில் ஏறுமுன், மறைக்கல்விச் சிறுவரும் மாதர் சங்கத்தினரும் சேர்ந்து இம்முட்டிகளைக் கட்டலாம். ஏணியில் ஏறிக் கையை வைத்துப் பார்க்கும் அவ்வேளையில், குழந்தையின் ஏணை எந்தக் கூரையின்கீழ் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். கைக்குழந்தையின் உடலும் விரைவில் சூடேறும். குருவிக்காகப் பரப்பும் கிடுகு அங்கும் பரப்பப்படட்டும்.