பாக்கெட் கேமரா பழுதானால்

ஆனி பிறந்துவிட்டால் சக்குபள்ளத்தில் தோல்செருப்பும் இடுப்பு பெல்ட்டும் பூசணம் பூக்கத் தொடங்கிவிடும். இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளிக்கும் கட்டப்பனைக்கும் இடையே இருக்கும் ஊராட்சி இது. அணக்கரையை அடுத்த செல்லார்கோவில் விளிம்பில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் கீழே தெரியும். அங்கே வெயில் காயும்போது இங்கே சாரல் விழுந்துகொண்டிருக்கும். ஏலச்செடிக்கு இந்த ஈரமும் நிழலும்தான் உயிர். பீரோவுக்குள் துணியில் சுற்றிவைத்த டிஜிட்டல் கேமராவுக்கு அதே ஈரம்தான் எமன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலையில் ஒரு வீட்டுக்கு முதல் கேமரா வந்திருந்தால், பெரும்பாலும் அது சட்டைப்பையில் அடங்குகிற காம்பாக்ட் கேமராவாகத்தான் இருந்திருக்கும். கேனான், நிக்கான், சோனி, ஒலிம்பஸ், கோடாக் என்று ஏதோ ஒன்று. 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட காம்பாக்ட் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. பிறகு செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பழைய மாடல்களுக்கு உதிரிபாகம் தயாரிப்பதை நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. அதனால்தான் கேமராவோடு கடைக்குப் போனால், “இதுக்கு ஸ்பேர் வராது” என்ற பதில் உடனே வந்துவிடுகிறது.

ஆனாலும் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கும் ஜூம், கண்ணாடிகள் நிஜமாகவே முன்னும் பின்னும் நகர்ந்து தருகிற ஜூம். அதன் ஃப்ளாஷ், செனான் வாயுக் குழாயில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காமல் வெடித்து ஒளிரும் உண்மையான ஃப்ளாஷ். இருட்டுக் கூடத்தில் ஓடும் குழந்தையை அது உறைய வைத்துப் பிடிக்கும். செல்போனின் எல்.இ.டி. விளக்கால் அவ்வளவு முடியாது. இன்னொன்று: நின்றுபோன கேமராவில் எல்லாமே கெட்டிருப்பது அபூர்வம். ஏதோ ஓர் இடம்தான் கெட்டிருக்கும். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் காசே தேவையில்லை. செலவு செய்வதா வேண்டாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கேமராவுக்குள் ஒளியை மின்னாக மாற்றும் சி.சி.டி. சென்சார் சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது.

அந்தக் கருவி சட்டைப்பைக்குள் அடங்க வேண்டுமானால் லென்ஸை மடக்கி உள்ளே வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழல்கள். அவற்றின் சுவரில் சுருள்சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பட்டனை அழுத்தியதும் விரல்நுனியளவு மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்களைச் சுழற்றும். குழல்கள் பள்ளத்தின் வழியே திருகிக்கொண்டு வெளியே வரும். லென்ஸ் எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதை ஒளி உணரிகள் கவனித்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் அது உரிய இடத்தை எட்டாவிட்டால், எங்கோ தடை இருக்கிறது என்று முடிவுகட்டி கேமரா தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ‘லென்ஸ் எரர்’ என்று திரையில் வருவது இதைத்தான். ஆக, அந்த அறிவிப்பு லென்ஸ் கண்ணாடி கெட்டதைச் சொல்லவில்லை. லென்ஸின் நடை தடைபட்டதைத்தான் சொல்கிறது.

முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

கேமராவைவிட அதற்குள் இருக்கும் படங்கள் விலை உயர்ந்தவை. எதையும் சோதிப்பதற்கு முன் மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேமரா கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படங்கள் அழிந்துபோனது போலத் தெரிந்தால் அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதியக் கூடாது. பட்டியல்தான் அழிந்திருக்கும், படங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைத் தேடி எடுத்துத் தரும்.

கார்டு சம்பந்தமாக இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய கேமராவுக்கு இன்று கடையில் கிடைக்கும் 32 ஜி.பி. கார்டை வாங்கிப் போட்டால் அது ஏற்காது. கேமரா கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வோம். ஆரம்பகால எஸ்.டி. கார்டுகளின் எல்லை 2 ஜி.பி. 2006இல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. வகையை அதற்கு முந்தைய கேமராக்களுக்குப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட கேமராவுக்குப் பழைய 1 அல்லது 2 ஜி.பி. கார்டைத் தேடிப் போட்டாலே வேலை முடிந்தது.

காசில்லாமல் நோய் கண்டுபிடிக்க

நகலெடுத்த கார்டைத் திரும்பப் போட்டு, பவர் பட்டனுக்குப் பதிலாக, எடுத்த படங்களைப் பார்க்கும் ‘பிளே’ பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பல கேமராக்கள் லென்ஸை வெளியே தள்ளாமலே அப்படி விழித்துக்கொள்ளும். திரையில் பழைய படங்கள் தெளிவாக வந்தால், பேட்டரி, போர்டு, திரை மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கோளாறு லென்ஸ் பகுதியிலோ சென்சாரிலோ மட்டும்தான்.

பிளே பட்டனுக்கும் அசையவில்லையா? பேட்டரி மூடியைப் பாருங்கள். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று அறிய உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதை அழுத்தும் பிளாஸ்டிக் முனை உடைந்துபோயிருந்தால் கேமரா பிணம்போலத்தான் கிடக்கும். மூடியை விரலால் இறுக்கிப் பிடித்து ஆன் செய்தாலே உண்மை தெரிந்துவிடும். தாமிரத் தொடர்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, செல்போன் கடைகளில் ஐ.பி.ஏ. என்று சொல்லும் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள்.

படம் பார்க்க முடிகிறது, ஆனால் லென்ஸ் பாதி வந்ததும் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். பழைய லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போது சரியான வோல்ட் காட்டும். மோட்டார் இழுக்கும்போது அதன் வோல்ட் சரிந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வேறு நிறுவனத்துப் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த செலவுக்குப் போக வேண்டும். பென்சில் செல் போடும் மாடல் என்றால் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் ஒத்துவராது. ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை மட்டும் மறுபடி சார்ஜில் போடவே கூடாது, அது தீப்பிடிக்கக்கூடும்.

இனி படத்தின் கோளாறு. திரை இருட்டாகவே இருந்தால், ஃப்ளாஷை அணைத்துவிட்டு லென்ஸை உங்கள் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். நடுவில் இமைபோல ஒன்று சிமிட்டினால் ஷட்டர் வேலை செய்கிறது. எப்போதும் மூடியே இருந்தால் ஷட்டர் ஒட்டிக்கொண்டது. வெயிலில் எடுத்த படம் மட்டும் கோடுகோடாக வெளுத்து வந்தால் ஷட்டர் மூட மறுக்கிறது.

லென்ஸ் சிக்கிக்கொண்டால்

லென்ஸ் நடை தடைபடுவதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும்: குழல்களுக்கு இடையில் மணல், கீழே விழுந்ததில் குழல் பள்ளத்திலிருந்து நழுவியது, பல்சக்கரத்தின் பல் உடைந்தது. முதலாவதை வீட்டிலேயே சரிசெய்யலாம். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடித்து, ரப்பர் ஊதியால் குழல்களின் இடைவெளியில் சுற்றிலும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே போய்விடும். மெல்லிய தாளை அந்த இடைவெளியில் நுழைத்து மெதுவாக ஒரு சுற்று இழுத்தால் சிக்கிய மணல் வெளியே வரும். பிறகு முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஆன் செய்து பாருங்கள். குழல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாவது காரணம். கையால் நெம்பாதீர்கள், மிச்சமிருக்கும் பல்லும் உடையும்.

திருகைக் கழற்றிப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். செல்போனைப் பிரித்துப் பழகியவர்கள்கூட இங்கே நிதானிக்க வேண்டும். ஃப்ளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் ஏறத்தாழ 300 வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றி நெடுநேரம் ஆன பிறகும் அது இறங்காமல் இருக்கக்கூடும். தெரியாமல் விரல் பட்டால் தூக்கி அடிக்கும். அதை முறையாக இறக்கத் தெரிந்தவர் மட்டுமே கேமராவைத் திறக்க வேண்டும்.

ஈரம் செய்த வேலை

ஈரம் கேமராவைக் கெடுக்கும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் பல நிறுவனங்களின் கேமராக்களுக்கு சோனிதான் சி.சி.டி. சென்சார் கொடுத்துவந்தது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அந்தச் சென்சாருக்குள் இருந்த மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. திரை கறுத்தது, அல்லது படம் நெளிந்து நிறம் திரிந்தது. 2005 அக்டோபரில் செய்தி வெளியானது. கேனான், நிக்கான், ஃபியூஜி, கோனிகா மினோல்டா என்று பல நிறுவனங்கள் அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. கேனானின் பவர்ஷாட் ஏ70, ஏ75 போன்ற மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. இன்று அந்தக் காலத்துக் கேமரா ஒன்று பழைய படங்களை அழகாகக் காட்டி, புதுப் படத்தை மட்டும் ஊதாக் கோடுகளாக எடுத்தால், அதற்குப் பணம் செலவழிக்காமல் இருப்பதே நல்லது.

மலையில் இதைவிட அதிகம் காணப்படும் கேடு பூஞ்சை. லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்திவலை இழைபோல வெண்மையாகத் தெரியும். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் எழுபது சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வேர்பிடிக்கும். அது கசியவிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். இழை சிறிதாக இருக்கும்போது படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போதுதான் படம் புகைமூட்டமாகும். காம்பாக்ட் கேமராவின் லென்ஸைப் பிரித்துத் துடைப்பது கேமராவின் விலைக்குக் கட்டுப்படியாகாத வேலை. அதனால் வளராமல் நிறுத்துவதே அறிவு.

அதற்கான வழி இந்த மலைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏலக்காயை ஸ்டோர் என்று சொல்லும் உலர்கூடத்தில் உலர்த்தி, பாலித்தீன் உறை போட்ட சாக்கில் காற்றுப் புகாமல் கட்டி வைக்கிறோமே, கேமராவுக்கும் அதே பக்குவம்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் பூஞ்சை வளராது. நீலநிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். 120 டிகிரி அளவில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உள்ளது. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டவிடாதீர்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். டப்பாவுக்குள் அது வேண்டாம்.

குளிர்ந்த கேமராவோடு ஏலக்காய் உலரும் ஸ்டோருக்குள் நேராக நுழைவதும் தவறு. அங்கே காற்று சூடாகவும் காயிலிருந்து கிளம்பிய நீராவியோடும் இருக்கும். லென்ஸின் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பனி படியும். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி எடுத்துப்போய், அந்தச் சூட்டுக்குப் பழகிய பிறகு திறந்தால் பனி பையின் மேல்தான் படியும்.

மழையில் நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதில் பயனில்லை. அரிசி ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். அதன் மாவுத்தூள் லென்ஸ் இடுக்கில் புகுந்துவிடும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

பேட்டரி, மூடி, கார்டு, சார்ஜர்: இவற்றுக்குத் தயங்காமல் செலவழியுங்கள். திரை, பட்டன், ரிப்பன் கேபிள் என்றால் கட்டப்பனையிலோ கம்பத்திலோ செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கேட்கலாம். நுண்ணிய சால்டரிங் அவர்களுக்குக் கைவந்த வேலை. லென்ஸ் யூனிட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றால், அதே மாடலில் வேறு கோளாறால் நின்றுபோன ஒன்றை வாங்கி, அதன் லென்ஸை இதற்கு மாற்றுவதுதான் மலிவு. சென்னையில் ரிச்சி தெரு மாதிரியான இடங்களிலும் பழைய கேமரா விற்பவர்களிடமும் விசாரித்துப் பார்க்கலாம். கடையில் கொடுக்கும் முன் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஓடும் நிலையில் உள்ள அதே மாடலின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்ப்பதை விட்டுவிடலாம்.

விட்டுவிட முடிவு செய்தாலும் ஏலத்தோட்டத்து ஓடையில் எறியாதீர்கள். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. வாங்கும் கடையில் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கேமராவின் உடலை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதன் திருகும் திரையும் பல்சக்கரமும் இன்னொரு வீட்டுக் கேமராவை ஓடவைக்கும். உதிரிபாகம் தயாரிக்க ஆளில்லாத ஒரு கருவியை இன்னும் பத்தாண்டுக்கு நம் கையில் நிறுத்தி வைக்க வேறு வழியும் இல்லை.