கணனி வரைந்த தடுப்பூசி

கணனியில் வரைந்த மருந்தை மனித உடம்பில் ஏற்றுவதா? இப்படிக் கேட்டு முகம் சுளிக்கும் சகோதரிகள் நம்மிடையே இல்லாமலில்லை. பிள்ளையை ஊசி போடக் கொண்டு செல்லும் தாய் கேட்பது நியாயமே. ஆனால் கணனி அங்கே என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பது தெரிந்தால் பயத்தில் பாதி விலகிவிடும்.

2022 ஜூன் 29ஆம் திகதி தென் கொரியா ஒரு கொரோனாத் தடுப்பூசிக்கு அனுமதி வழங்கியது. பெயர் ஸ்கைகோவியோன். கணனியில் வடிவமைத்த புரதத்தால் ஆன மருந்தொன்று மனிதர் பாவனைக்கு வந்தது அதுவே முதற்தடவை. மூலவேலை நடந்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். தயாரித்தது கொரியாவின் எஸ்.கே. பயோசயன்ஸ் நிறுவனம்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் ஒவ்வொரு புரதமும் 20 வகை மணிகளைக் கோத்த மாலை போன்றது. மணிகளின் வரிசைக்கேற்ப மாலை தானாகவே மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. உருவத்தைப் பொறுத்ததே அதன் வேலை. எந்த வரிசை எந்த உருவம் தரும் என்று கையால் கணக்குப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. பேராசிரியர் டேவிட் பேக்கரின் குழு இதற்கென 'ரொசெட்டா' என்னும் மென்பொருளை உருவாக்கியது. 2005 முதல் சாதாரண மக்களும் வீட்டில் சும்மா கிடக்கும் தங்கள் கணனிகளை இந்தக் கணக்குக்கு இரவல் கொடுத்தார்கள். (அயல்வீட்டுக்குச் சுளகு இரவல் கொடுப்பது போலத்தான்!) 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பாதி பேக்கருக்குக் கிடைத்தது.

அதே பல்கலைக்கழகத்தில் நீல் கிங் என்பவரின் குழு, தாமாகவே ஒன்றுகூடி உருண்டையாகும் புரதத் துண்டுகளைக் கணனியில் வடிவமைத்திருந்தது. கொரோனா வந்ததும் அந்த உருண்டையின் மேல் வைரஸின் கொளுக்கியை, அதாவது நம் உடற்கலத்தைப் பற்றிப் பிடிக்கும் பகுதியை, 60 இடங்களில் பொருத்தினார்கள். றம்புட்டான் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் நிறைய முட்கள். உள்ளே வைரஸ் இல்லை, நோய் தரக்கூடிய எதுவுமில்லை. தனியே ஒரு கொளுக்கியைக் கண்டால் அசட்டையாக இருந்துவிடக்கூடிய நம் நோயெதிர்ப்புச் சக்தி, வரிசையாக அறுபதைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது.

இதுவரை கணனியின் வேலை. கை வீங்குமா, காய்ச்சல் வருமா, வயதானவர் உடம்பு எப்படி ஏற்கும் என்பதை எந்தத் திரையும் சொல்லாது. அதற்கு முதலில் விலங்குகள், பிறகு சிறுதொகைத் தொண்டர்கள், இறுதியில் 4,000 பேருக்கு மேற்பட்ட வளர்ந்தோர் என்று படிப்படியாகவே போனார்கள். ஏற்கெனவே பாவனையிலிருந்த அஸ்ட்ராசெனகா ஊசியுடன் ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஆகவே ஊசி போடுமிடத்தில் நாம் கேட்க வேண்டியது, எங்கே வரைந்தார்கள் என்பதல்ல. எத்தனை பேரிடம் பரிசோதித்தார்கள் என்பதே.

அந்தப் பொறுமைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. ஊசி கைக்கு வந்தபோது கொரியாவில் பெரும்பாலானோர் வேறு ஊசிகளைப் போட்டு முடித்திருந்தார்கள். கேட்பார் குறைந்து, அந்த ஆண்டு முடியுமுன்பே உற்பத்தியும் நிறுத்தி வைக்கப்பட்டது. வீண் வேலை என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2 முதல் 8 பாகை வரையான சாதாரணக் குளிரிலேயே வைக்கக்கூடிய ஊசி அது. ஆழ்குளிர்ப் பெட்டி இல்லாத கிராமத்துக்கும் போகும். இதே வகையான இன்னோர் உருண்டையில் இன்புளுவென்சா வைரஸின் துண்டுகளைப் பொருத்தி, மனிதரிடம் பரிசோதிக்கும் வேலையும் 2021இல் அமெரிக்காவில் தொடங்கியது.