எல்லை தாண்டி ஒரு ரத்தப் பரிசோதனை
வாளையாறு முதல் குமுளி வரை

எல்லையோர ஊர்களில் பஸ் நிலையத்துக் கழிப்பறைச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்த நோட்டீஸ்கள் தெரிந்திருக்கும். ரகசிய நோய்களுக்குக் கைகண்ட சிகிச்சை, மாதம் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார், ரகசியம் காக்கப்படும் என்று அச்சடித்திருக்கும். தேதி தவறாமல் வைத்தியரும் வருவார். அறை வாசலில் தலையைக் குனிந்தபடி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மண்டலத்துக்கு லேகியம், ஒரு பொட்டலம் சூரணம், கையில் இருந்த கூலிப் பணம் காலி. புண் தானாக ஆறிவிட்டால் வைத்தியருக்குப் பெயர். ஆறாவிட்டால் பத்தியம் சரியில்லை என்பார்.

அந்த லாட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கும். அங்கே ரத்தப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் கால் லாட்ஜ் பக்கம்தான் போகிறது. காரணம் காசு அல்ல. “நம்ம ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டால்?” என்ற பயம்தான்.

பாலக்காடு, இடுக்கி எல்லையில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்தப் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து இருட்டோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்தால் ஊர் திரும்புகிறார்கள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறவர்கள் உண்டு. கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளில் குடும்பத்தை ஊரில் விட்டு அறை எடுத்துத் தங்கியவர்கள் உண்டு. சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமுமாக வாழ்கிறவர்களும் உண்டு. ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பவுண்டர் மாமன் முறை ஆவார். கேரள ஆஸ்பத்திரிக்குப் போனால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியாது.

அந்தப் பலகை விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அதே மையம் கேரளத்தில் ‘ஜ்யோதிஸ்’. கூட்டு மருந்து தரும் மையத்துக்கு அங்கே ‘உஷஸ்’ என்று பெயர். பால்வினை நோய்க்கான பிரிவு ‘புலரி’. அழகான பெயர்கள்தான். ஆனால் எல்லை கடந்து வந்த கூலியாளுக்கு இவை ஏதோ பால் சொசைட்டியின் பெயராகத்தான் படும். இரண்டு பக்கத்திலும் உள்ளே நடப்பது ஒரே காரியம்தான். சோதிக்கும் முறை, கொடுக்கும் மருந்து எல்லாம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்தவை. எந்த மாநிலத்துக்காரரும் எந்த மாநிலத்திலும் போய்ச் சோதித்துக் கொள்ளலாம். ஊரில் கூச்சமாக இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகலாம்.

காட்பாடிக்குப் போன ரயில்

இந்த வியாதி இந்தியாவில் இருப்பது முதலில் தெரிந்ததே தமிழர்கள் மூலமாகத்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்கு ஒரு பொருள் கொடுத்தார். அமெரிக்காவில் 1981-ல் தென்பட்ட எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இது வெள்ளைக்காரன் வியாதி, நம் ஒழுக்கத்துக்கு வராது’ என்று பெரிய மனிதர்களே பேசிக் கொண்டிருந்த காலம். நிர்மலா பெண்கள் காப்பகத்துக்குப் போய், அங்கே அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள். அவற்றைத் தம் வீட்டு பிரிட்ஜில்தான் வைத்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு, இரவு ரயிலில் காட்பாடி போய் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கொடுத்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியே காலியாகியிருக்கும்! பக்கத்தில் உட்கார்ந்தால் எச்.ஐ.வி. ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கிணற்றில் குளித்தாலும், கொசு கடித்தாலும் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று நாலே வழிகள்தான். இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆனாலும் லயத்தில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் டீ கிளாஸ் தனியாகிவிடுகிறது.

வாளையாறும் லாரிகளும்

வியாதி பரவிய பாதையைச் சொல்லும்போது லாரி டிரைவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வாளையாறு விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். வீட்டைப் பிரிந்து வாரக்கணக்காக ரோட்டில் கிடப்பவன், காத்திருக்கும் இரவு, கையில் கொஞ்சம் காசு, பக்கத்தில் சாராயம். இப்படி நிற்க வைத்தால் தப்பு நடக்கத்தான் செய்யும். வரிசை நின்றது, ஆனால் வீட்டைப் பிரிந்த வாழ்க்கை நிற்கவில்லை. அது டிரைவருக்கு மட்டும் உரியதும் அல்ல. மேஜை நாற்காலி உத்தியோகம் பார்க்கிறவர்களும் மாற்றல் வாங்கிக் கொண்டு தனியே அறையில் இருக்கிறார்கள். அவர்கள் பரிசோதனைக்குப் போக இன்னும் அதிகமாகக் கூசுகிறார்கள்.

தடுக்கும் சாதனம் பழையதுதான். 1968-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அரசு கொண்டு வந்த நிரோத் ஞாபகம் இருக்கும். மூன்று பதினைந்து பைசா. ப்ரூக் பாண்ட், லிப்டன் முதலிய கம்பெனிகளின் ஆட்கள் தேயிலையோடு சேர்த்து அதையும் பெட்டிக்கடை வரை கொண்டு சேர்த்தார்கள். உற்பத்திக்கென்று எழும்பிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் தொழிற்சாலை இருப்பது கேரளத்தில், திருவனந்தபுரத்தில். இன்றும் நம்பிக்கை மையத்திலும் ஜ்யோதிஸிலும் ஆணுறை இலவசம். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை: தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும்.

சோதனை எப்படி?

முதலில் ஆலோசகர் தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவார். சம்மதம் கேட்பார். ‘சரி’ என்ற பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். முடிவு பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி ஒரே ஒரு சோதனை செய்வார்கள். அதில் கோடு விழுந்தால் அதுவே தீர்ப்பு அல்ல. பெரிய மையத்துக்கு அனுப்பி, வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளிலும் ஒரே முடிவு வந்த பிறகுதான் எச்.ஐ.வி. என்று சொல்வார்கள். முதல் கோட்டைக் கண்டதுமே மனம் உடைந்து போகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மாறாக, கிருமி உடலில் புகுந்த சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமலும் இருக்கலாம். நேற்று நடந்த தவறுக்கு இன்று ‘இல்லை’ என்று சீட்டு வாங்கி நிம்மதியாகப் போகக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தவறு நடந்து 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், தடுப்பு மருந்தாக 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை உண்டு. மணி ஏற ஏற அதன் பலன் குறையும்.

புண், சீழ், நீர்க்கடுப்பு, அரையில் நெறி என்று வந்தால் அது எச்.ஐ.வி.யாகத்தான் இருக்கும் என்பதில்லை. கிரந்திப் புண்ணுக்கு ஆரம்ப நிலையில் பென்சிலின் ஊசி ஒன்றே போதும். வெட்டை நோய்க்கும் மருந்து இருக்கிறது. ஆனால் கிரந்திப் புண்ணுக்கு ஒரு மோசமான குணம்: மருந்தில்லாமலே ஆறிவிடும். நோய் உள்ளே போய்ப் பதுங்கிக் கொள்ளும். பல ஆண்டு கழித்து மூளையையும் இருதயத்தையும் தாக்கும். லாட்ஜ் வைத்தியரின் கைராசி இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. மருந்துக் கடையில் சொல்லாமல் கொள்ளாமல் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவதும் இதே கதைதான். வெட்டை நோய்க் கிருமி பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு மசிவதில்லை. இன்னொன்று, பால்வினைப் புண் இருக்கும் உடலில் எச்.ஐ.வி. சுலபமாக நுழையும். கணவருக்கு மட்டும் ஊசி போட்டு மனைவியை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் நோய் பழைய இடத்துக்கே திரும்பும்.

மாத்திரையும் மாறுதலும்

ஒரு காலத்தில் எச்.ஐ.வி. என்றால் சாவு என்று எழுதி வைத்துவிடுவார்கள். 1996-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்தது. ஆனால் விலையோ ஜமீன்தாருக்குத்தான் கட்டும். 2001-ல் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீத் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக உலகத்துக்கு அறிவித்த பிறகுதான் விலை சரிந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சென்னையை அடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. முன்பெல்லாம் எதிர்ப்பு சக்தி குறையும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2017 முதல் கிருமி இருப்பது தெரிந்தவுடனேயே மருந்து. பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஆயுள் முழுதும் விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவுவதில்லை. கர்ப்பிணி மருந்து சாப்பிட்டால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

எல்லையில் சறுக்குவது இந்த இடத்தில்தான். கூச்சப்பட்டு அந்தப் பக்கம் போய்ச் சோதித்துக் கொண்டவர், சீட்டை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். அங்கே அவரைத் தேடுகிறார்கள், இங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஏலக்காய்ப் பறிப்பு முடிந்ததும் ஊருக்குப் போகிறவர், எஸ்டேட் மாறுகிறவர், கம்பெனி மூடியதால் திருப்பூருக்குக் கிளம்புகிறவர் எல்லோரும் மாத்திரையை நடுவழியில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ரேஷன் கார்டை மாற்றுவது போல மருந்தையும் மாற்றலாம். உஷஸில் ‘மாறுதல்’ கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். ஊருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டு மருந்து மையத்தில் அதைக் காட்டினால் போதும், புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

‘கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே’ என்பது அடுத்த கேள்வி. 1997-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. இருப்பதற்காக நீக்கப்பட்ட ஒரு தினக்கூலித் தொழிலாளியின் வழக்கில், வேலை செய்யத் தெம்புள்ளவனை வியாதியைச் சொல்லி விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அதை இன்னும் உறுதியாக்கியது. வேலைக்குச் சேர்க்க இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது. சம்மதமின்றி ரத்தம் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. சட்டம் இருப்பது எஸ்டேட் ஆபீஸ் வரை எட்டியிருக்கிறதா என்பது வேறு கதை.

சந்தேகம் கேட்க 1097 என்ற எண் இருக்கிறது. காசில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஆஸ்பத்திரி வாசலும் மிதிக்க வேண்டியதில்லை. மருந்து சாப்பிடுகிறவர்கள் தீபாவளி, பொங்கல் லீவுக்குக் கிளம்பும் முன் ஒரு நடை மையத்துக்குப் போய், எத்தனை நாள் ஊரில் இருப்போம் என்று சொல்லிவிட்டால் அதற்கும் சேர்த்து மாத்திரை கொடுப்பார்கள். உடம்பு சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தருவதுண்டு. டப்பாவின் மேல் சீட்டைக் கிழித்துவிட்டு ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை.