மலையில் குடியமர்த்தப்பட்டோரின் மனக்காயம்: மருத்துவம் தொடங்கவேண்டிய இடம் எது?

அகதிகளின் மனநலம் என்றதும் ஆலோசகர், மாத்திரை, தனியறை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை தேவையானவைதாம். ஆனால் கொடுமை நிகழ்ந்த நாட்டைவிட்டு வந்தவர், குடியமர்ந்த ஊரிலும் அதே கொடுமையைச் சந்தித்தால் எந்த ஆலோசனை அவரை ஆற்றும்? பழனி மலைத்தொடரில் வாழும் மலையகத் தமிழரின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

குடியுரிமை இருந்தும் அந்நியர்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரித்தானியரால் கொண்டுசெல்லப்பட்ட தமிழரில் பெரும்பான்மையினர் தலித்துகள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவர் என்று இரு அரசுகளும் அவர்களைப் பங்கிட்டன. எஞ்சியோரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் எவரும் அந்த மேசையில் இல்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாகத் தமிழகமெங்கும் அனுப்பப்பட்டனர். 1970களில் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், 1977, 1983 இன வன்முறைகளும் பலரைத் துரத்தின. சட்டப்படி இவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பின் வந்து முகாம்களில் தங்கவைக்கப்பட்ட ஈழ அகதிகளிலிருந்து இவர்களுடைய சட்டநிலை வேறு. அரசு இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. ஆனால் அவர்களில் பலர் பிறந்த தாயகம் கண்டியும் அட்டனும் பதுளையும்தான். வந்து சேர்ந்த ஊரோ அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தது.

அறிவிக்கப்பட்ட மறுவாழ்வு உதவி பிழைப்புக்குப் போதாமல், பழகிய குளிரையும் பழகிய வேலையையும் தேடிப் பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றனர். கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டும் ஒப்பந்ததாரர்களிடம் முன்பணம் பெற்ற குடும்பங்கள் கொத்தடிமைகளாயின. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் 1980களில் மனித உரிமை இயக்கங்கள் தலையிட்ட பின்னரே பலருக்கு விடுதலை கிடைத்தது.

குண்டுபட்டி, 1998

விடுவிக்கப்பட்டவர்கள் குடியமர்ந்த ஊர்களுள் ஒன்று மேல்மலையில் உள்ள குண்டுபட்டி. அடிப்படை வசதிகள் இல்லாததைக் கண்டித்து, 1998 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிக்க அம்மக்கள் முடிவு செய்தனர். பிப்ரவரி 26 அன்று காவல்துறையினர் ஊருக்குள் புகுந்து தாக்கினர். பெண்கள் அடித்து உதைக்கப்பட்டதையும், சேமித்திருந்த தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1999இல் வெளியிட்ட 'புரோக்கன் பீப்பிள்' அறிக்கை பதிவு செய்துள்ளது.

இதை ஒரு நாள் தாக்குதலாக மட்டும் பார்த்தால் அதன் ஆழம் புரியாது. தோட்டத்து லயங்களில் கும்பல் நுழைந்த இரவுகளை நினைவில் சுமந்து வந்தவர்களின் வாசலில், இம்முறை சீருடை அணிந்த அரசே நின்றது. புதிய காயம் பழைய காயத்தையும் கிழித்துத் திறந்தது. உறக்கமின்மை, காரணமற்ற உடல்வலி, நெஞ்சுப் படபடப்பு, குடிப்பழக்கம், காக்கியைக் கண்டதும் எழும் நடுக்கம் ஆகியவற்றைத் தனிமனிதப் பலவீனமாகக் கருதக்கூடாது. ஆபத்து இன்னும் தீரவில்லை என்பதை உடல் அறிந்திருப்பதன் அடையாளங்கள் அவை.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைக்கும் 'கூட்டு மனவடு' பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட நெருக்கடிக்கால உளநல வழிகாட்டுதல்கள், உதவியை ஒரு கூம்பாக வரைகின்றன. அடித்தளத்தில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவும், அடுத்துப் பயிற்சி பெற்ற களப்பணியாளரின் உதவியும், உச்சியில் உளமருத்துவமும் உள்ளன. அடித்தளம் இல்லாமல் உச்சி நிற்காது. மேல்மலை மக்களுக்கு அந்த அடித்தளம் என்பது வீட்டுமனைப் பட்டா, நியாயமான கூலி, சாதிச் சான்றிதழ், அச்சமற்ற வாழ்க்கை ஆகியவையே.

சட்டம் தரும் பிடிமானம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. அச்சேவை சாதிப் பாகுபாடின்றியும், எட்டக்கூடிய தொலைவிலும் இருக்கவேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நிறுவனங்களில் சிகிச்சை இலவசம். மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கவேண்டிய நிலை இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டோரின் பொருளாதார, சமூக மறுவாழ்வை அரசின் கடமையாக்குகிறது. 2015 திருத்தத்தில் வந்த 15அ பிரிவு, விசாரணைக் காலத்திலேயே மறுவாழ்வு பெறவும், வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்களின் துணையை நாடவும் உரிமை தருகிறது.

ஆனால் இக்கதவுகளின் சாவி சாதிச் சான்றிதழில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, சாதியை வாழிடத்தோடு இணைத்தே பட்டியலிடுகிறது. எனவே தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகளிடம் 'பூர்வீகம் எது?' என்று வட்டாட்சியர் அலுவலகம் கேட்கிறது. பூர்வீகத்தைப் பறித்த இரு அரசுகளில் ஒன்று, அதற்கான ஆதாரத்தையும் அவர்களிடமே கேட்கிறது. சான்றிதழ் கிடைக்காத மாணவருக்குக் கல்வி உதவித்தொகை கிடைப்பதில்லை. வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அச்சட்டத்தின்கீழ் நிவாரணம் பெறுவதும் கடினமாகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, தாத்தா பாட்டியின் இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றைத் திரட்டி, சாதிச் சான்றிதழுக்கு ஊர்வாரியாக விண்ணப்பிக்க உதவலாம். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று மேல்முறையீடு செய்யவேண்டும்.

இரண்டாவதாக, மாவட்ட மனநலத் திட்டக் குழு மேல்மலை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குறித்த நாளில் வரவேண்டும் என்று, 18ஆம் பிரிவைச் சுட்டி ஆட்சியரிடம் மனு அளிக்கலாம். கொத்தடிமைச் சட்டப்படியான கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

மூன்றாவது, நம்மைப் பற்றியது. உண்மையறியும் குழுக்கள் அடுத்தடுத்துச் சென்று ஒரே பெண்ணை ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அவரை மீண்டும் வதைப்பதாகும். வாக்குமூலத்தை ஒருமுறை, முழுமையாக, அவருடைய இசைவோடு பதிய வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். நாம் கிளம்பிய பின் அவரோடு இருக்கப்போவது யார் என்பதைக் கேட்ட பிறகே குறிப்பேட்டைத் திறக்கவேண்டும்.

தப்பும் காமன் கூத்தும் தோட்டத்து மக்களைத் துயரக் காலங்களில் ஒன்றாக நிறுத்திய கலைகள். மூத்தோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் மாணவர்கள் இந்த வலிமையையும் பதிவு செய்ய வேண்டும். காயத்தை மட்டுமே எழுதினால் ஒரு மக்களை நோயாளிகளாக மட்டுமே வரலாற்றில் விட்டுச்செல்வோம். நாடற்றவர்களாக்கப்பட்டும், அடிமைப்படுத்தப்பட்டும், வாக்கைத் தர மறுத்து அரசிடம் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். அக்கேள்விக்கு அரசு இன்னும் பதில் சொல்லவேண்டியுள்ளது.