பாமியன் குகையிலே எண்ணெய்ச் சித்திரம்

ஆப்கானித்தான நாட்டுப் பாமியன் பள்ளத்தாக்கிலே, மலையைக் குடைந்து செதுக்கிய இரு பெரும் புத்தர் சிலைகள் 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அயற் குகைகளின் சுவர்ச் சித்திரங்களும் பல சிதைந்து போயின. எஞ்சியவற்றைப் பேண முற்பட்ட அறிஞரை ஒரு வினா எதிர்கொண்டது. வண்ணத்தைச் சுவரோடு பிணைத்த பசை யாது? அஃது அறியாது துப்புரவாக்கப் புகின், வார்க்கும் திரவமே சித்திரத்தைக் கரைத்துவிடுமன்றோ?

பழஞ் சித்திரத்தினின்றும் எடுக்கத்தகும் துணுக்கோ கடுகினுஞ் சிறிது. அதனுள்ளே பல படைகள் வேறு!

இவ்விடத்தே துணை புரிவது கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிர். 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் என்பார், அரியத்தாற் பிரிந்த ஞாயிற்றொளியிற் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இதனைக் கண்டறிந்தார். மூலக்கூறுகளில் அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வுக்கு இசைந்த கதிரையே மூலக்கூறு விழுங்கும். விழுங்கப்பட்ட கதிர் எதுவென நோக்கின், பொருள் எண்ணெயோ, பிசினோ, முட்டையோ என்பது புலனாகும்.

ஆயின், ஆய்வுகூடத்திற் சூடேற்றிய கோல் தரும் கதிர் நாற்புறமும் சிதறுவது. சில மைக்கிரோன் அகலத்துள் அதனை ஒடுக்கின் எஞ்சுவது சொற்பமே. சிங்குரோத்திரன் என்னும் வளையத்திலோ, ஒளிவேகத்தை அண்மித்து ஓடும் இலத்திரன்களைக் காந்தம் வளைக்கும்போது ஒளி பிறக்கிறது. இவ்வொளி முதன்முதற் கண்ணுக்குத் தோன்றியது 1947இல், அமெரிக்காவிலே. துணிக்கைகளின் சத்தியை வீணாக்கும் தொல்லையென்றே பௌதிகவியலார் நெடுநாள் இதனை எண்ணினர்! மெல்லிய கற்றையாக வருதலின், செந்நிறக் கீழ்க்கதிரில் இதன் பொலிவு சூட்டுக் கோலினும் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மிகும். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொரு படையையும் தனித்தனியே வினவலாம்.

பாமியன் துணுக்குகள் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகருக்குச் சென்றன. அங்குள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீற்றர். எக்ஸ் கதிரும் வேறு இரசாயன முறைகளும் உடன் துணைநின்றன. முடிவு 2008இல் வெளியாயிற்று. ஆராய்ந்த 50 குகைகளுள் 12இல் உலரும் எண்ணெயிற் குழைத்த வண்ணம். காலம் ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டு! எண்ணெய்ச் சித்திரத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவர் கண்டுபிடித்தாரென்ற பழங்கதையை நம்மிற் பலர் பாடசாலையிற் கேட்டிருப்போம். அக்கதை முன்னரே ஆட்டங் கண்டிருந்தது. பாமியன் அதனை ஆசியாவின் பக்கமிருந்தும் அசைத்தது.

பேணுவோர்க்கு இதனால் வேலை எளிதாகவில்லை. எண்ணெயிருப்பது பன்னிரு குகைகளில் மாத்திரமே. ஆதலின் ஒரு குகைக்கு உகந்த திரவத்தை அடுத்த குகைக்குக் கொண்டுசெல்லுமுன் மீண்டும் ஒரு துணுக்கை ஆராயவேண்டியுள்ளது.